அடுத்தவர் வேலையைச் சொல்லச் சொன்னவள்

என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன் ஆரோக்கியம். அந்த ஆரோக்கியத்துக்கு வாழ்க்கைப்பட்டு ஆத்தூரிலிருந்து வந்தவள் லூர்தம்மாள். அவர்களுக்கு மூத்தவள் ஏஞ்சலின், இளையவன் பிராங்கிளின். முறைக்கு ஏஞ்சலின் என்னைப் பெரியம்மா என்பாள். திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் எங்களுக்கு ஒரே தெரு. சின்னப் பிள்ளையில் அவள் கோபித்துக்கொண்டு ஓடி வருவதென்றால் என் வீட்டுக்குத்தான் வருவாள். அந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் நான் கடமைப்படுவேன் என்று அப்போது யார் நினைத்தது?

பிராங்கிளின் பிறந்தபோது அழவில்லை. வளர வளரக் கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொண்டன. லூர்தம்மாள் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறுவாள். ஏஞ்சலின் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, தம்பியின் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவாள். ஆஸ்பத்திரியில் ஒரு அறையில் டாக்டர், "பூட்ஸைக் கழட்டவே கூடாது" என்பார். பக்கத்து அறையில் பயிற்சி கொடுக்கிறவர், "இதை யாரு போடச் சொன்னது? கழட்டும்மா" என்பார். லூர்தம்மாள் இவர் சொன்னதை அவரிடம் போய்ச் சொல்லுவாள். அவர் திட்டியதை இவரிடம் வந்து சொல்லுவாள். அவளுக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தைகள் வாயில் நுழையாது. பாதியில் மறந்துவிடும். அதற்கும் திட்டு வாங்குவாள்.

ஒரு நாள் திரும்பி வந்து என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "அக்கா, அவுக ரெண்டு பேத்துக்கும் நடுவுல ஒரு சுவருதான் இருக்கு. அந்தச் சுவத்தச் சுத்தி நான் எம்புட்டு தடவ நடக்குறது? எந்திரிச்சு வந்து ஒருத்தர ஒருத்தர் பாத்துப் பேசினா என்னவாம்?"

ஏஞ்சலின் அப்போது பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டாவது முடித்ததும் சென்னைக்குப் போய் ஆக்குபேஷனல் தெரபி படிக்கப் போகிறேன் என்றாள். எங்கள் தெருவில் யாருக்கும் அது என்ன படிப்பென்று தெரியாது. பிசியோ என்றால் தெரியும். கை காலை நீட்டி மடக்கி விடுவார்கள். இது வேறாம். விழுந்து கிடந்தவர் தானே குளிக்க, தானே சட்டை போட, தானே சோறு பிசைந்து சாப்பிட, பழையபடி ஒரு வேலை செய்யப் பழக்கிவிடுகிற வைத்தியமாம்.

"சட்டை போட்டுவிடுறதுக்கு ஒரு படிப்பா?" என்று அவள் அப்பாவே கேட்டார்.

"போட்டுவிடுறதுக்கு இல்லப்பா. போட்டுவிடாம இருக்கிறதுக்கு" என்றாள்.

படித்து, வேலை பார்த்து, கல்யாணம் முடித்து, திண்டுக்கல்லுக்கே திரும்பினாள். வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு தெரபி மையமும் அதோடு சேர்ந்த கல்லூரியும் இருக்கின்றன. அங்கே டீச்சரானாள். பிராங்கிளினுக்குக் கால் நேராகவில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை போட்டு, மூன்று சக்கர ஸ்கூட்டரில் போய் வருகிறான். நாக்கு மட்டும் நாலு ஆளுக்கு நீளம்.

இந்தக் கல்லூரியில் இரண்டு வகைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். டிகிரி படிக்கிறவர்கள் வெள்ளைக் கோட்டு. நோயாளிக்கு என்ன செய்ய வேண்டும் என்று திட்டம் போடுவது அவர்கள் வேலை. டிப்ளமோ படிக்கிறவர்கள் நீலக் கோட்டு. தெரபி அசிஸ்டென்ட் என்பார்கள். கூடவே இருந்து தூக்குவது, நடத்துவது, அந்தத் திட்டத்தைத் தினமும் செய்ய வைப்பது இவர்கள் பாடு. இரண்டு கூட்டமும் கேன்டீனில்கூட ஒன்றாக உட்காராது. ஏஞ்சலின்தான் இரண்டு வகுப்பையும் ஒரே ஹாலில் சேர்த்து, ஒரு வெள்ளைக்கு ஒரு நீலம் என்று ஜோடி போட்டு, ஒரு நோயாளியை ஒப்படைக்கிற வழக்கத்தைக் கொண்டுவந்தாள். டிகிரிப் பிள்ளைகளின் அப்பா அம்மா சிலர் வந்து சத்தம் போட்டார்கள் என்றும், கூட வேலை பார்க்கிற டீச்சர்களே, "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டார்கள் என்றும் பிராங்கிளின் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் வாயால் சொன்னதில்லை.

இதெல்லாம் எனக்குக் காது வழிச் செய்தியாகத்தான் இருந்தது, என் தம்பி விழுகிற வரைக்கும்.

என் தம்பி அந்தோணிமுத்து வத்தலக்குண்டு தேங்காய் மண்டியில் காய் எண்ணுகிறவன். தோப்பிலிருந்து வண்டியில் வந்து கொட்டுகிற காயை இரண்டு கையாலும் எடுத்து எறிந்துகொண்டே, ராகம் போட்டு எண்ணுவான். அவன் எண்ணிக்கைக்கு விற்கிறவரும் வாங்குகிறவரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு தனியாகத்தான் இருந்தான். போன தை மாதம் ஒரு காலையில் காய்க் குவியல் மேலேயே சாய்ந்துவிட்டான். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு சுத்தமாக நின்றுபோனது. கண்ணால் பார்ப்பான், வாயைத் திறப்பான், ஒன்றும் வராது. பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஏஞ்சலின் இருக்கிற மையத்தில் கொண்டுவந்து சேர்த்தோம்.

அவனுக்கு ஒரே மகன் சார்லஸ். கோயம்புத்தூரில் லேத்துப் பட்டறையில் வேலை. ஒற்றை அறை வீடு. பெண்டாட்டி நிறைமாதம். நல்ல பிள்ளைதான். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"அத்தை, நீங்க கூட்டிட்டுப் போயி வச்சுக்கிறேன்னு சொல்றீக. உங்க வயசுக்கு அப்பாவத் தூக்க முடியுமா? ரெண்டு பேரு பிடிச்சாத்தானே கட்டில விட்டு எறக்க முடியுது? அவருக்கு ஒண்ணுக்கு வந்தாக்கூடக் கூப்பிட வாயில்ல. நான் ஈஸ்டருக்கு வாரேன். அதுக்குள்ள ஒத்த ஆளு கை குடுத்தா எந்திரிக்கிற மாதிரியும், வேணும்னா கூப்பிடுற மாதிரியும் ஆயிட்டா உங்க வீட்டுல இருக்கட்டும். இல்லேன்னா கோயம்புத்தூர்ல ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கேன். அங்கதான் கொண்டுபோகணும்."

ஹோம் என்ற வார்த்தையைக் கேட்டதும் கட்டிலில் கிடந்த என் தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். பேச்சுத்தான் போயிருந்தது. அவனுக்கு எல்லாம் விளங்கியது.

ஏஞ்சலின் அவனை ஒரு ஜோடியிடம் ஒப்படைத்தாள். வெள்ளைக் கோட்டு விக்னேஷ்குமார். ஒட்டன்சத்திரத்துப் பையன். அப்பா அங்கே மண்டி வைத்திருக்கிறார். நீலக் கோட்டு இஃப்பத், பேகம்பூர்ப் பெண். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள், தனித்தனியாக. ஒன்றாக நின்றால் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற அந்நியர் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள்.

ஏஞ்சலின் முதல் வாரம் பாடம் எதுவும் எடுக்கவில்லை. ஹாலில் ஒரு மூட்டைச் சின்ன வெங்காயத்தைக் கொட்டினாள். நோயாளிகளையெல்லாம் நாற்காலியில் வைத்து வேடிக்கை பார்க்க உட்கார வைத்தாள். ஒவ்வொரு ஜோடியும் ஆளுக்கு ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மிச்சம் இருக்கிற ஒரு கையும் ஒரு கையுமாக வெங்காயம் உரிக்க வேண்டும். உரித்த வெங்காயத்தில் மத்தியானச் சாம்பார்.

விக்னேஷ் வெங்காயத்தைப் பிடித்துக்கொண்டு, "இருங்க, முதல்ல ஒரு பிளான் போட்டுக்கலாம்" என்றான்.

"வெங்காயத்துக்கு என்ன சார் பிளானு? நீங்க பிடிங்க, நான் உரிக்கிறேன்."

"ஏனுங்க, நீங்க பிடிக்கிற பக்கமே இழுத்தா எப்படி? நழுவுதில்ல?"

"நீங்க அமுக்குறீங்க சார். வெங்காயம் பாவம்."

வெங்காயம் உருண்டு என் தம்பியின் நாற்காலிக்கடியில் போனது. ஹாலே சிரித்தது. அன்றைக்குச் சாம்பாரில் பாதி வெங்காயம் தோலோடு மிதந்தது. ஏஞ்சலின் அதையே எல்லோருக்கும் ஊற்றி, "நல்லாருக்கா? இதுதான் நீங்க தனித்தனியா வேலை பாக்குற லட்சணம். நோயாளி வாயில தோலு மாட்டுது" என்றாள்.

இந்த வருஷம் ரமலான் நோன்பும் எங்கள் தவக்காலமும் ஒன்றாக வந்தன. இஃப்பத் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். நான் ஒரு வேளைதான் சாப்பிடுவேன். விக்னேஷ் பப்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு இதைத் திங்கிறதுக்கு எனக்கே ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிச் சாப்பிடுவான்.

வெங்காயம் வேடிக்கைதான். ஏஞ்சலின் வைத்த விதி வேறு. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு ஜோடியும் தங்கள் நோயாளியின் கட்டிலருகே நிற்க வேண்டும். அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆனால் யாரும் தான் செய்ததைச் சொல்லக் கூடாது. வெள்ளைக் கோட்டு நீலக் கோட்டின் வேலையைச் சொல்ல வேண்டும், நீலம் வெள்ளையின் வேலையைச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் தெரியும் வரை நிற்க வேண்டியதுதான்.

முதல் நாள் விக்னேஷ் வாயைத் திறந்தான், மூடினான். "இஃப்பத் வந்து... மாமாவைக் குளிக்க வச்சாங்க."

"எப்படி?" என்றாள் ஏஞ்சலின்.

"தண்ணி ஊத்தித்தானுங்க மேடம்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள்கூடச் சிரித்துவிட்டாள். இஃப்பத்தும் அதே கதைதான். "சார் மாமாகிட்ட ஏதோ படம் காட்டினாங்க. என்ன படம்னு தெரியல. நான் அப்ப துணி மாத்தப் போயிட்டேன்."

இரண்டு பேரும் மஞ்சள் வெளிச்சம் மங்கும்வரை நின்றார்கள். ஒட்டன்சத்திரம் பஸ் போய்விட்டது என்று விக்னேஷ் முனகினான்.

சில நாள் கழித்து அதிசயமாக இரண்டு பேரும் தடதடவென்று சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு அதன் ரகசியம் தெரியும். சாயங்காலம் மாடிப்படிக்குக் கீழே இரண்டு பேரும் நின்று, முதல் நற்கருணையான புதுநன்மைக்குப் போகிற பிள்ளைகள் மந்திரம் ஒப்பிக்கிற மாதிரி ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொள்வார்கள். "நான் என்ன செஞ்சேன்னு நீங்க சொல்லணும், கேட்டுக்குங்க. இடது கைப் பயிற்சி, பதினஞ்சு நிமிஷம். நோயாளி ஒத்துழைப்பு தந்தார்." "சரி சார். நான் செஞ்சதைக் கேட்டுக்குங்க. கட்டில்லருந்து நாற்காலிக்கு மாத்தினேன். நோயாளி ஒத்துழைப்பு தந்தார்." அவ்வளவுதான். பஸ்ஸுக்கு ஓடிவிடலாம்.

கல்லூரியில் பாதி ஜோடிகள் இதைத்தான் செய்துகொண்டிருந்தன. படிக்கிற பிள்ளைகள்தானே, எதையும் மனப்பாடம் செய்து தப்பிக்கத் தெரியும். விதியை மீறவும் இல்லை, அதன்படி நடக்கவும் இல்லை.

இதற்கிடையில் என் தம்பிக்கு ஒரு முன்னேற்றமும் இல்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற இஃப்பத்தோடு இன்னொரு பெண்ணும் சேர்ந்துதான் தூக்க வேண்டும். விறைத்துக்கொள்வான். அந்த நேரம் எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிடுவார்கள். விக்னேஷ் தினமும் படங்களைக் காட்டி, "இது என்னங்க மாமா? பசுவா, பானையா?" என்று கேட்பான். என் தம்பி பார்த்துக்கொண்டே இருப்பான். விக்னேஷ் எழுதிக்கொள்வான்: பேச்சு இல்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரத்துக் குருத்தோலை ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. சார்லஸ் போன் போட்டு, ஹோமில் இடம் சொல்லி வைத்துவிட்டதாகச் சொன்னான். நான் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வழக்கம்போல விக்னேஷ் ஒப்பித்தான். "இஃப்பத் மாமாவைக் கட்டில்லருந்து நாற்காலிக்கு மாத்தினாங்க. நோயாளி ஒத்துழைப்பு தந்தார்."

ஏஞ்சலின் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "நேத்தும் இதே ஒத்துழைப்பு. முந்தாநாளும் இதே ஒத்துழைப்பு. ஏம்ப்பா, ஒத்துழைப்புன்னா மாமா என்ன செஞ்சார்? சிரிச்சாரா? கையை நீட்டினாரா? மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

விக்னேஷ் இஃப்பத்தைப் பார்த்தான்.

"அவளைப் பாக்காத. மாமாவைப் பாத்துச் சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இஃப்பத்தான் உடைந்தாள். "மேடம், பொய்யி. மாமா ஒத்துழைக்கவே இல்ல. நாங்க தூக்குறதுக்கு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்ச ஒடனே தோளை விறைச்சுக்குவாரு. அப்புறம் எங்களோட சேந்து எண்ணுவாரு. அதுக்குள்ள நாங்களே தூக்கி வச்சிருவோம்."

ஏஞ்சலினின் கை முன்னால் வந்துவிட்டது. "சேந்து எண்ணுவாரா?"

"ஆமா மேடம். நான் ரெண்டு, மூணுன்னு சொல்லும்போது அவரும் சொல்லுவாரு. மெதுவா."

"வாயால?" என்று விக்னேஷ் கத்திவிட்டான். "வாயாலயா? நான் இத்தனை நாளா ஒத்த வார்த்தை வருமான்னு தொண்டை வத்தக் கேக்குறேனுங்க! ஏங்க எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார். பேச்சு உங்க பாடம். நான் தூக்குறவதானே. நான் சொன்னா, உனக்கெதுக்குன்னு கேப்பீங்கன்னு நெனச்சேன்."

அவனுக்குக் காது சிவந்துவிட்டது. யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னான்: "படிச்சிருக்கேனுங்க மேடம். பக்கவாதத்துல பேச்சு போனவங்களுக்குக்கூட, வாய்ப்பழக்கமா வர்றது சில பேருக்குப் போகாதுங்க. எண்ணிக்கை, செபம், பாட்டு. பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கினேன். அது இங்கயே தினமும் நடந்திருக்குது. நான் அந்த நேரத்துல மேல ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து ரிப்போர்ட் எழுதிட்டிருந்திருக்கேன்."

இரண்டு பேரும் ஏஞ்சலினிடம் திட்டு வாங்கத் தயாராக நின்றார்கள். அவள் திட்டவில்லை. "எங்க அம்மா இருந்திருந்தா, இவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசுறதப் பாத்து சந்தோஷப்பட்டிருக்கும்" என்று மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அவர்களிடம், "நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் சேந்தே தூக்குங்க, சேந்தே படம் காட்டுங்க. பெரியம்மா, நீங்களும் உள்ள வாங்க. உங்கள வெளிய நிக்க வச்சது எங்க தப்பு" என்றாள்.

மறுநாள் காலையில் நாலு பேரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். நாற்காலியை என் தம்பியின் தெம்புள்ள இடது பக்கம் போட்டார்கள். இஃப்பத் அவனுக்கு எதிரே நின்று, விழுந்த காலின் முட்டி மடங்காமல் தன் முட்டியை அண்டக் கொடுத்துத் தாங்கினாள்.

"எந்திரிப்போமா மாமா? ஒண்ணு..." என்றாள்.

அவள் சொன்ன மாதிரியே தோளை விறைத்துக்கொண்டான். கண்ணில் கோபம். விக்னேஷ் குனிந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று நிமிர்ந்து என்னிடம் கேட்டான்: "ஏனுங்கம்மா, மாமா மண்டியில காய் எண்றவருதானுங்களே? எங்க மண்டியில எண்ணும்போது ஒண்ணுன்னு எவனாவது சொன்னா எங்கப்பா வெளிய தள்ளிப்போடுவாருங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் படியால் அளந்தாலும் காய் எண்ணினாலும் முதல் எண்ணை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். என் தம்பி அந்த விஷயத்தில் கெட்டி. செபமாலை உருட்டும்போதுகூட முதல் மணிக்கு லாபம் என்பார் என்று அவன் பெண்டாட்டி கேலி பண்ணுவாள். அதை அந்தப் பிள்ளைகளிடம் சொன்னேன்.

"அப்ப நான் இத்தன நாளா அவரோட தொழிலுக்கே சகுனம் பாக்காம எண்ணியிருக்கேன்" என்றாள் இஃப்பத். பிறகு அவன் காதருகே, கொஞ்சம் ராகம் போட்டு, "லாபம்..." என்றாள்.

என் தம்பியின் தோள் தளர்ந்தது. உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது. "ரெண்டு" என்றான். அவன் குரலைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! "மூணு" என்றபோது இடது கால் ஊன்றி எழும்பிவிட்டது. இன்னொரு பெண்ணின் கை தேவைப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் நிறுத்தவில்லை. பன்னிரண்டு வரைக்கும் எண்ணிக்கொண்டே போனான். எண்ண எண்ண அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எனக்கும் பார்க்க முடியவில்லை. விக்னேஷ் ஓடிப்போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டான். அன்றைக்குக் கையில் பப்ஸ் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரையும் பிடிக்க முடியவில்லை. விக்னேஷ் வீட்டு மண்டியிலிருந்து சாக்கில் தேங்காய் கொண்டுவந்தான். என் தம்பி இடது கையால் காயை எடுத்து எண்ணிப் போட வேண்டும், விழுந்த வலது கையை மடியில் கிடத்தாமல் காய் மேல் வைத்துத் தள்ள வேண்டும் என்பது அவன் யோசனை. கூடையை எவ்வளவு தூரத்தில், எந்த உயரத்தில் வைத்தால் அவன் சலிக்காமல் செய்வான் என்று பார்த்துப் பார்த்து மாற்றியது இஃப்பத். ஒரு நாள், "சார், மத்தியானத்துல அவருக்குக் கை நடுங்குது, காலையில வச்சுக்கலாம்" என்பாள். "அப்படியா? நான் கவனிக்கலீங்க, நீங்க சொல்றதுதான் சரி" என்பான். இன்னொரு நாள் அவன், "வலது கைய இழுத்து விடாதீங்க, தோளு எறங்கிப்போகும்" என்பான். "ஐயோ, அதுக்குத்தான் அப்படிப் பிடிக்கணுமா?" என்று கற்றுக்கொள்வாள். சாயங்காலம் ஒருவர் வேலையை ஒருவர் சொல்லும்போது, "இல்ல சார், அது மட்டும் இல்ல, நீங்க இதையும் செஞ்சீங்க" என்று திருத்த ஆரம்பித்துவிட்டார்கள். பஸ் போனதுகூடத் தெரிவதில்லை.

ஏஞ்சலின் என்னையும் விடவில்லை. "பெரியம்மா, இன்னைக்கு இந்த ரெண்டு பேரும் என்ன செஞ்சாங்கன்னு நீங்க சொல்லுங்க" என்பாள். நான் என்னத்தைச் சொல்லுவேன் என்று முதலில் கூசினேன். சொல்லிப் பழகப் பழகத்தான் முட்டியை எங்கே அண்டக் கொடுக்க வேண்டும், கையை எங்கே பிடிக்க வேண்டும் என்பது எனக்கே பிடிபட்டது.

பேச்சு முழுக்கத் திரும்பியது என்று நான் சொல்ல மாட்டேன். எண்ணிக்கை வந்தது. கோயிலில் சொல்கிற பரமண்டல மந்திரம், நாங்களும் கூடச் சொன்னால், பாதி வந்தது. அதற்கு மேல் இல்லை. ஆனால் அவன் ஒரு வேலை செய்தான். ஒரு மத்தியானம் நான் அடுத்த கட்டிலில் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "லாபம்!" என்று ஒரு அதட்டல். திரும்பினால், ஒண்ணுக்குப் போக வேண்டும் என்று கண்ணால் காட்டுகிறான். அன்றிலிருந்து அதுதான் அவன் எங்களைக் கூப்பிடுகிற வார்த்தை.

ஈஸ்டருக்கு முந்தின நாள் சார்லஸ் வந்தான். வெளியே ஒரு கார் நின்றது. நேராகக் கோயம்புத்தூர் போகிற கார். அவன் கண் வீங்கியிருந்தது.

ஏஞ்சலின் அவனிடம் எதையும் விளக்கவில்லை. "சார்லஸ், அப்பாவை நாற்காலிக்கு மாத்து பாப்போம்" என்றாள்.

அவன் போய், அக்குளில் கை கொடுத்து ஒரே மூச்சில் தூக்கப் பார்த்தான். இளவட்டம், பட்டறையில் இரும்பு தூக்குகிற கை. என் தம்பி அசையவில்லை. தோளை விறைத்துக்கொண்டு மகனை முறைத்தான். சார்லஸுக்கு வேர்த்துவிட்டது. "பாத்தீகளா அத்தை? என்னாலயே முடியல" என்றான்.

"ஏலே, செத்த நேரம் தள்ளி நில்லு" என்றேன். விக்னேஷும் இஃப்பத்தும் கட்டில் தலைமாட்டில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்றார்கள். இஃப்பத் ஒரு அடி முன்னால் வந்தாள். விக்னேஷ் மெதுவாகத் தலையை அசைத்தான், அவள் நின்றுகொண்டாள். ஏஞ்சலின் கையைப் பின்னால் கட்டியிருந்தாள். விரல்கள் வெளுத்துப்போகிற அளவுக்கு இறுக்கியிருந்தாள்.

நான் அவன் முட்டிக்கு என் முட்டியை அண்டக் கொடுத்தேன். அவன் இடுப்பில் கட்டியிருந்த வாரைப் பிடித்தேன். எதுவும் சொல்லவில்லை. அவன் என்னைப் பார்த்தான், மகனைப் பார்த்தான். பிறகு மண்டியில் எண்ணுகிற அதே குரலில், "லாபம்" என்றான். "ரெண்டு. மூணு."

எழுந்தான். நான் தூக்கவில்லை, கூட நின்றேன், அவ்வளவுதான். இடது காலை ஊன்றித் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் நாற்காலி கொஞ்சம் நகர்ந்தது.

சார்லஸ் சுவரில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். "அப்பா பேசுறாரு" என்றான். "அத்தை, அப்பா பேசுறாருல்ல?"

"எண்றாருப்பா" என்றாள் ஏஞ்சலின். "பேசுவாருன்னு நான் உனக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆனா வேணும்னா கூப்பிடுவாரு, ஒத்த ஆளு பக்கத்துல நின்னா எந்திரிப்பாரு. நீ கேட்டது ரெண்டும் இருக்கு. முடிவு உன்னோடது. அப்பாவோடதும்."

சார்லஸ் தன் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தான். "அத்தை வீட்டுக்குப் போறீகளாப்பா?" என்று கேட்டான். என் தம்பி இடது கையை மகன் தலையில் வைத்து, ஒரு தேங்காயைத் தட்டிப் பார்க்கிற மாதிரி இரண்டு தட்டுத் தட்டினான். விக்னேஷ் சிரித்துவிட்டான், பிறகு எல்லோரும். சார்லஸ் அங்கேயே உட்கார்ந்தபடி அந்த ஹோமுக்குப் போன் போட்டு, இடம் வேண்டாம் என்று சொன்னான்.

நான் ஏஞ்சலினின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்வது? லூர்தம்மாள் சுற்றிச் சுற்றி வந்த அந்தச் சுவரை இவள் இடித்துக்கொண்டிருக்கிறாள், தனி ஆளாக அல்ல, ஒவ்வொரு வருஷமும் வருகிற பிள்ளைகளை வைத்தே இடிக்கிறாள். "நீ நல்லாருக்கணும் தாயி" என்றேன். அவள் சின்னப் பிள்ளையில் செய்கிற மாதிரி என் தோளில் நெற்றியை ஒரு நொடி வைத்து எடுத்தாள்.

கோயம்புத்தூர்க் காரை மேட்டுப்பட்டிக்கு ஓட்டச் சொன்னான் சார்லஸ். வாசலில் கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு விக்னேஷும் இஃப்பத்தும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். "இடது பக்கமா ஏத்தினா அவரே கதவைப் பிடிச்சுக்குவாருங்க." "அப்ப எறங்கும்போது சார்? பெரியம்மா வீட்டு வாசல்ல படி இருக்கு. அவங்க எந்தப் பக்கம் நிப்பாங்க?" "ஆமாங்க, அதை யோசிக்கல. அப்ப வண்டியத் திருப்பி நிறுத்தச் சொல்லுவோம்." இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்து, டீச்சரிடம் சரிதானா என்று கேட்கத் திரும்பினார்கள்.

ஏஞ்சலின் அங்கே இல்லை. உள்ளே அடுத்த கட்டிலருகே போய், வேறொரு வெள்ளைக் கோட்டுக்கும் நீலக் கோட்டுக்கும் நடுவில் நின்று, "சரி, அவ இன்னைக்கு என்ன செஞ்சான்னு நீ சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தாங்களே டிரைவரைக் கூப்பிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார்கள்.